பெரியப்பா எங்கே நடப்பது?

குழு: பாலிக் பூலாவ் குடும்பம்
சனிக்கிழமை

8.04 லலிதா அத்தை: அண்ணனை மோட்டார் சைக்கிள் மோதிவிட்டதாமே! ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், யாரோ வந்து சொல்கிறார்கள். அண்ணி, போனை எடுங்கள்.

8.05 கவிதா: என்ன??

8.06 மணி சித்தப்பா: எந்த ஆஸ்பத்திரி? பட்டர்வொர்த்திலிருந்து கிளம்புகிறேன். பெர்ரியில் கார் ஏற்ற முடியாது, பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும்.

8.11 தீபன் அண்ணா: யாரும் கிளம்ப வேண்டாம். மோதவில்லை. மோட்டாரின் கண்ணாடி அப்பா கையில் உரசியது, தடுமாறி ஓரத்தில் விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு. கிளினிக்கில் மருந்து போட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. பசியாறுகிறார்.

8.12 சரோஜா பெரியம்மா: மூன்றாவது தோசை. போன் சார்ஜில் இருந்தது லலிதா.

8.12 லலிதா அத்தை: முருகா. தண்ணீர்மலையில் தேங்காய் உடைக்கிறேன்.

8.14 கவிதா: எத்தனை மணிக்கு நடந்தார்?

8.15 தீபன் அண்ணா: 6.15. பெரிய ரோடு. கறுப்புச் சட்டை.

8.15 கவிதா: அந்த நேரத்தில் கும்மிருட்டு ஆயிற்றே அண்ணா!

8.24 ராஜு மாமா: கவிதா சொல்வது சரி. பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அப்படிப் பார்த்தால் இன்றைய 6.15 என்பது மச்சானின் இளவயதில் 5.45. அந்த நேரத்தில் அப்போது யாராவது ரோட்டில் நடந்தார்களா? அதோடு பாலிக் பூலாவ் என்றாலே தீவின் பின்பக்கம். கிழக்கே மலை நிற்கிறது. சூரியன் அந்த மலையைத் தாண்டித்தான் நம் ஊருக்குள் வரவேண்டும். ஆகவே 7.15-க்குக் கிளம்பினாலும் வெயில் சுடாது. மாலை நடைதான் கஷ்டம், கடல் பக்கமிருந்து வெயில் முகத்தில் அறையும்.

8.25 மணி சித்தப்பா: அத்தான், நேரம் சரி. எந்த வழி?

8.25 ராஜு மாமா: வருகிறேன்.

8.26 லலிதா அத்தை: அண்ணன் எங்கள் பக்கம் வரட்டும். பொட்டானிக்கல் கார்டனில் வண்டித் தொல்லை இல்லை. நிழல். 1884-இல் வைத்த தோட்டம், மரமெல்லாம் அவ்வளவு பெரியது.

8.27 தீபன் அண்ணா: அத்தை, துன் சர்டோன் ரோட்டு வளைவெல்லாம் தாண்டி தினமும் யார் கொண்டுவந்து விடுவது? நான் பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து வரும் நேரம் அது.

8.27 சரோஜா பெரியம்மா: குரங்கு வேறு.

8.28 லலிதா அத்தை: தீனி போடாமல் இருந்தால் குரங்கு ஒன்றும் செய்யாது அண்ணி.

8.28 சரோஜா பெரியம்மா: போன வருடம் உன் பையையே பிடுங்கியது.

8.30 கவிதா: அத்தை, அங்கே ஓட நான் வருகிறேன். டிசம்பரில் பாலத்தில் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு வாரம் பெரியம்மா வீட்டில்தான். கார்டன் பக்கத்து மூன் கேட்டில் தொடங்கிக் கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிவரை ஏறிப் பார்க்க ஆசை.

8.31 மணி சித்தப்பா: பாலம் 13.5 கிலோமீட்டர் ஆயிற்றே, முழுதும் ஓடுவாயா?

8.31 கவிதா: ஓடுவேன் சித்தப்பா.

8.33 ராஜு மாமா: கவிதா, கொடிமலை 833 மீட்டர். ஜீப் ரோட்டில் ஏறினால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம், தாரும் சிமெண்டுமாக ஒரே ஏற்றம். ஏறுவதில் பயமில்லை. இறங்கும்போதுதான் முட்டி போகும். ஏறிவிட்டு மலை ரயிலில் இறங்கிவிடு. பழக வேண்டும் என்றால் முதலில் தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513 ஏறி இறங்கு, தரிசனமும் ஆயிற்று.

8.34 தீபன் அண்ணா: மாமா, அப்பாவுக்கு வழி.

8.45 ராஜு மாமா: சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த ஊரில் தபால் போட்டவன், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை தெரியும். ஊர் நடுவே ரவுண்டாபட்டில் பழைய நீரூற்று இருக்கிறதல்லவா, அங்கிருந்து மேற்கே கடலைப் பார்த்துப் போனால் சுங்கை பூரோங் நெல்வயல். பறவை ஆறு என்று பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை, விடியலில் கொக்கு வெள்ளையாக இறங்கும். வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓரம் நேராக, மட்டமாகத் தார் ரோடு. ஏற்றம் இல்லாததால் மச்சான் முட்டிக்கு நல்லது. டிராக்டர் வந்தால் தூரத்திலேயே தெரியும். மோட்டாரில் அங்கே கொண்டுபோய் விட்டால் போதும். கவிதா அதே வழியில் தெற்கே பூலாவ் பெத்தோங் மீனவர் கிராமம் வரை ஓடலாம். ஒன்று மட்டும், கதிர் அறுத்த பிறகு வரப்பில் இறங்கக்கூடாது. எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும்.

8.46 சரோஜா பெரியம்மா: பாம்பா.

8.46 ராஜு மாமா: வரப்பில் அக்கா. ரோட்டில் இல்லை.

8.49 ராஜு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8.50 லலிதா அத்தை: நான் படித்துவிட்டேன். அப்பா தோட்டத்து வழி நல்ல வழிதான். ஏன் நீக்கினீர்கள்?

8.51 ராஜு மாமா: டுரியான் காலத்தில் அந்தப் பக்கம் நடக்கக்கூடாது, அதனால்தான். விடியலில்தான் பழம் விழும். வலை கட்டாத இடத்தில் தலையில் விழுந்தால் அவ்வளவுதான்.

8.52 லலிதா அத்தை: அதனால் மட்டும் இல்லை.

8.53 மணி சித்தப்பா: அக்கா, இப்போது அது நம் தோட்டம் இல்லை. விட்டுவிடுங்கள்.

8.53 லலிதா அத்தை: அப்பா கையால் வைத்த ஹோர் லோர் டுரியான் மரம் தம்பி. விற்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

8.54 சரோஜா பெரியம்மா: காலையிலேயே வேண்டாம்.

8.58 மணி சித்தப்பா: அப்பாவுக்கு அப்போது வாரம் மூன்று டயாலிசிஸ். நீங்கள் பிரசவத்துக்குப் படுத்திருந்தீர்கள். யாரைக் கேட்பது?

9.03 தீபன் அண்ணா: ஆங் ஹே டுரியான் யாருக்காவது வேண்டுமா? கூட வேலை செய்பவர் நாளை கொண்டுவருகிறார்.

9.03 கவிதா: எனக்கு எடுத்து வையுங்கள் அண்ணா!

9.04 சரோஜா பெரியம்மா: இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே. அப்பாவுக்கு ரத்தத்தில் இனிப்பு 11-இல் நிற்கிறது.

9.06 கவிதா: பெரியம்மா, மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்கிறாரா? சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் கட்டாயம் இருக்கட்டும். தலை சுற்றினால், வியர்த்துக் கொட்டினால் உடனே வாயில் போட வேண்டும். டாக்டர் எவ்வளவு நேரம் நடக்கச் சொன்னார்?

9.07 சரோஜா பெரியம்மா: அரை மணி. வாரம் ஐந்து நாள்.

9.08 கவிதா: போதும். பேச்சு வரவேண்டும், பாட்டு வரக்கூடாது, அதுதான் சரியான வேகம். ரோட்டில் நடந்தே ஆகவேண்டும் என்றால் வலது ஓரம் நடக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. வலது ஓரம் நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். இன்று முதுகுப் பக்கமிருந்துதானே உரசியது?

9.09 தீபன் அண்ணா: ஆமாம்.

9.10 லலிதா அத்தை: வெள்ளைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

9.14 பெரியப்பா: எல்லாம் படித்தேன். வயலுக்குப் போகவில்லை.

9.14 கவிதா: ஏன் பெரியப்பா?

9.19 பெரியப்பா: அங்கே பேப்பர் கடை இல்லை.

9.20 தீபன் அண்ணா: அதுதான் விஷயம். தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது வேறு பேப்பர். தினமும் கையால் வாங்கவேண்டும். அப்பா, வேலை முடிந்து வரும்போது நான் வாங்கி வருகிறேன்.

9.23 பெரியப்பா: பேப்பர் மட்டும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் சேகர் காத்திருப்பான். மனைவி போனதிலிருந்து அவனுக்கு காலையில் பேச ஆள் இல்லை.

9.24 லலிதா அத்தை: அண்ணா...

9.26 ராஜு மாமா: சேகரையும் வயலுக்குக் கூட்டிப் போகலாமே மச்சான். முடித்துவிட்டு இரண்டு பேரும் கடைக்குப் போங்கள். நான் திங்கள் மோட்டாரில் வந்து நாய் எங்கே எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்கிறேன்.

9.26 பெரியப்பா: சேகருக்குக் கால் வலி.

9.27 கவிதா: அப்படியானால் நான் வரும்வரை பெரிய ரோடு, 7.15, வலது ஓரம், வெள்ளைச் சட்டை, மிட்டாய். வந்த பிறகு மூன்று பேரும் வயலில் ஒரு நாள் மெதுவாக நடந்து பார்க்கலாம். நான் முன்னே ஓடிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

9.28 பெரியப்பா: பார்க்கலாம்.

9.31 மணி சித்தப்பா: நாளை வருகிறேன் அண்ணா. அக்கா, மீன் வாங்கிவிட்டீர்களா?

9.40 லலிதா அத்தை: கெம்போங் இரண்டு கிலோ. நாளை அண்ணன் வீட்டுக்கு எடுத்து வருகிறேன். நீயும் சாப்பிட்டுவிட்டுப் போ.

9.41 பெரியப்பா: சரோ, வெள்ளைச் சட்டை எங்கே?

9.41 சரோஜா பெரியம்மா: அடுப்படியில்தானே இருக்கிறேன், எழுந்து வந்து கேளுங்கள்.