ஆலாக்களையும் அவற்றின் உறவான நோடிகளையும் (இரண்டும் கடற்பறவைகள்) ஆய்வுக்காகப் பின்தொடர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
நானே தொடங்கி வைக்கிறேன். பொது ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும் ஒரு மணல்திட்டில் ஆய்வு உதவியாளனாக இருந்திருக்கிறேன். உள்ளே நுழைவதற்கு முன் தொப்பியில் நீளமான குச்சி ஒன்றைச் செருகிக்கொள்ளச் சொன்னார்கள். பாய்ந்து வரும் ஆலா நம் உடலின் மிக உயர்ந்த இடத்தைத்தான் கொத்தும். குச்சி அடி வாங்கிக்கொள்ள, மண்டை தப்பித்துவிடும். எச்சத்திலிருந்து தப்ப மட்டும் வழியே கிடையாது.

குஞ்சுகளின் காலில் அடையாள வளையமிடும் மூத்த ஆய்வாளர் கரையில் கால் வைத்தாலே சில பறவைகள் கத்திக்கொண்டு எழுந்துவிடும். நான் தனியாகப் போகும் நாட்களில் அந்தச் சீற்றத்தில் பாதிகூட இராது. இது என் மனப்பிரமையோ என்றுதான் நினைத்திருந்தேன். ஜோனா பர்கரும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகே தெளிவு வந்தது. ஆலாக்கள் ஆய்வாளர்களை ஆள் ஆளாகப் பிரித்தறிகின்றன. யார் வருகிறார் என்பதைப் பொறுத்து எதிர்ப்பும் கூடுகிறது, குறைகிறது.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, ஆண் பறவை கொண்டுவரும் மீனைக் குறித்துக்கொள்வது. மீனைப் பிடுங்கி அளக்க முடியாது. அலகின் நீளத்தை அளவுகோலாக வைத்து, ஒரு அலகு, ஒன்றரை அலகு, இரண்டு அலகு என்று தொலைநோக்கி வழியாகவே மதிப்பிட்டு எழுத வேண்டும். கேட்கச் சலிப்பாக இருக்கலாம். எனக்கோ அதைவிடச் சுவையான வேலை அமைந்ததில்லை. பருவத் தொடக்கத்தில் ஆண் மீனைக் கவ்வியபடி கூட்டத்தின் மேல் வட்டமிடும். பெண்ணின் அருகே இறங்கிக் காட்டும். சில சமயம் கொடுக்காமலே பறந்துவிடும். இணை உறுதியான பின் நிலைமை தலைகீழ். முட்டையிடுவதற்கு முந்தைய நாட்களில் பெண் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஆண் ஓயாமல் கொண்டுவந்து ஊட்டும். இது வெறும் கொஞ்சல் இல்லை. ஆண் நன்றாக ஊட்டிய இணைகளின் முட்டைகள் கனமாக இருந்தன என்று இயன் நிஸ்பெட் 1973-லேயே காட்டியிருக்கிறார். பெண் அந்த மீன்களை வைத்துத் தன் துணையை எடைபோடுகிறது என்றே நான் நம்புகிறேன். நேரில் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.

கரைநடை:
என் அனுபவம் நடுக்கடலில். சூரை மீன் கூட்டம் கீழிருந்து சிறு மீன்களை விரட்ட, அவை நீர்மட்டத்துக்கு வந்து துள்ள, மேலே நூற்றுக்கணக்கான சூட்டி ஆலாக்கள். ஒன்றுகூட நீருக்குள் பாயவில்லை. பறந்தபடியே மேற்பரப்பிலிருந்து கொத்திக்கொண்டு மேலேறின. அந்தப் பறவையின் இறகு எளிதில் நனைந்துவிடும், நீரில் உட்கார்ந்து ஓய்வெடுக்க அதற்கு வசதியில்லை. கூட்டைவிட்டுப் பறந்த இளம் பறவை மறுபடி தரையிறங்கச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதை அந்தக் காட்சிக்குப் பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

திரும்பி வந்ததும் தேடிப் படித்தது ஜான் பி. வாட்சனின் ஆய்வை. மனதை விட்டு வெளிப்படும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தைவாத உளவியலால் புகழ்பெற்ற அதே வாட்சன்தான். அதற்கு முன்பே, 1907-ல், புளோரிடாவுக்கு அப்பால் உள்ள டிரை டோர்டுகாஸ் தீவுக்கூட்டத்தின் பேர்ட் கீ தீவில் தங்கி, நோடிகளையும் சூட்டி ஆலாக்களையும் நாள் முழுவதும் கவனித்துக் குறிப்பெடுத்தார். சில பறவைகளைக் கப்பலில் ஏற்றி, நேர்க்கோட்டில் 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால், அமெரிக்காவின் வட கரோலினா கரையில் உள்ள ஹட்டராஸ் முனையில் விடச் செய்தார். சில நாட்களில் அவை கூட்டுக்கு வந்துவிட்டன. அறிமுகமே இல்லாத கடலிலிருந்து எப்படி வழி கண்டுபிடித்தன? அந்தக் கேள்விக்காகவே அவரைப் படிக்கலாம். முட்டைகளுக்குச் சாயம் பூசியும் பார்த்தார், பறவைகள் அடைகாத்தன. தன் முட்டை எது என்பதைவிடத் தன் இடம் எது என்பதில்தான் அவற்றுக்கு உறுதி இருந்தது.

வெண்சிறகு:
நோடி பக்கம் யாரும் வரவில்லையே என்று எழுதுகிறேன். கருப்பு நோடிகள் பிசோனியா மரத்தில் இலைகளை எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டும். அந்த மரத்தின் விதைகள் பசை தடவியதுபோல ஒட்டும். இறகெல்லாம் விதை அப்பி, பறக்க முடியாமல் தரையில் கிடந்த ஒரு நோடியைக் கையில் எடுத்து ஒவ்வொரு விதையாகப் பிரித்திருக்கிறேன். விரலிலும் ஒட்டிக்கொண்டு விடாது. இப்படி மாட்டிக்கொண்டு சாகும் பறவைகள் ஏராளம்.

மரத்துக்கு இதனால் என்ன லாபம், செத்த பறவை உரமாகுமா? ஆலன் பர்கர் (மேலே சொன்ன ஜோனா பர்கர் வேறு) சீஷெல்ஸின் கசின் தீவில் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார். பறவை உடல்களால் நாற்றுகளுக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. தொடர்ந்து கடல்நீரில் ஊறும் விதை சில நாட்களிலேயே கெட்டுவிடுகிறது, ஆகவே விதையைக் கடல் கடத்த மிதக்கும் சடலமும் பயன்படாது. அவ்வப்போது மட்டும் நனையும் விதை வாரக்கணக்கில் தாங்குகிறது. அதாவது, ஓரிரு விதைகளோடு உயிரோடு பறந்து போகும் பறவைதான் மரத்துக்கு வேண்டியது. சாவுகள் அந்த ஏற்பாட்டின் பக்க விளைவு மட்டுமே. அதைப் படித்தபோது மனம் கனத்தது, மறைக்க விரும்பவில்லை.

கரைநடை:
உப்புக்காற்றுக்கு ஒரு கேள்வி. ஆய்வுக்காகப் பறவையைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அடைகாப்பைக் கெடுக்காதா?

உப்புக்காற்று:
கெடுக்கலாம். அதனால்தான் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் செய்ததை நான் எல்லோரிடமும் சொல்லுவேன். அங்கே செயற்கையான கான்கிரீட் தீவுகளில் பொது ஆலாக்கள் குடியிருக்கின்றன. 1992 முதல் குஞ்சுகளின் தோலுக்கடியில் அடையாள நுண்சில்லு பொருத்துகிறார்கள். பறவை வந்து உட்காரும் மேடையில் உணர்கருவியும் தராசும் இருப்பதால், யார் வந்தது, எடை எவ்வளவு என்பது தானாகவே பதிவாகிறது. ரத்தத்துக்குப் பேட்டர் பெக்கரின் குழு வேறொரு வழி கண்டது. உள்ளே வெறுமையான போலி முட்டையில் சிறு துளைகள் இட்டு, ரத்தம் குடிக்கும் பெரிய பூச்சி வகை ஒன்றை அதற்குள் விட்டுக் கூட்டில் வைத்தார்கள். ஆலா அதையும் சேர்த்து அடைகாக்க, பூச்சி துளை வழியாகக் குடித்துக்கொண்டது. பிறகு முட்டையை எடுத்து, பூச்சியின் வயிற்றிலிருந்த ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். பறவையைக் கையால் தொடவே இல்லை.

இந்த முறையைக் களத்தில் செய்தவர்கள் இங்கே இருந்தால், வெயில் நாளில் பூச்சி முட்டைக்குள் எப்படி நடந்துகொண்டது என்று அவசியம் எழுதுங்கள்.