தீ மிதித்தவர் தீமிதியைப் பற்றி ஆய்வு எழுதலாமா?

நண்பர்களே, ஒரு வழி சொல்லுங்கள். செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அங்கே நானே மூன்று முறை காப்புக் கட்டித் தீ மிதித்தவன். சிக்கலே அதுதான். "இது பக்தி, ஆய்வு இல்லை" என்று இயலின் ஓரத்தில் நெறியாளர் சிவப்பு மையில் எழுதிவிட்டார். ஊரிலோ, பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று நோட்டும் கையுமாக நின்ற என்னிடம் பூசாரி, "என்ன தம்பி, நம் அம்மனையே வேடிக்கை பார்க்க வந்துவிட்டாயா?" என்றார்.

நம்புகிறவர்கள் ஏற்காத கூற்று அவர்கள் மதத்தைப் பற்றிய சரியான கூற்றாகாது என்று மதவியல் அறிஞர் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1959-இல் எழுதியதை நெறியாளரிடம் காட்டினேன், எடுபடவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தும் துரியோதனன் மீது சிறுவயதில் ஏறி விளையாடியதோடு சரி. அதைச் சடங்காகப் பார்க்க வைத்தவர், இதே வட்டாரத்தை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்கர்.

சொந்த ஊர்ச் சாமியை ஆய்வு செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தீக்குழியில் என் கால் சுடாததைத் தரவாகச் சேர்க்கலாமா, முன்னுரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? உள்ளிருப்பவர் பார்வை, வெளியாள் பார்வை எனப் பொருள்படும் எமிக், எட்டிக் என்பவற்றுக்கு அகப்பார்வை, புறப்பார்வை என்று எழுதினால் போதுமா? மாத இறுதிக்குள் இயலைத் திருத்தித் தர வேண்டும்.