லினி யார்?

குழு: ஆலமரத்து வீடு

டல்லாஸ் அண்ணன்: யாழினி ஹோம்வொர்க் தாளில் பெயர் எழுதும் இடத்தில் "லினி" என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், டீச்சர் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்கிறாள்.

அத்தை: லினியா? அது யாரு?

சித்தப்பா: ழ வராதவர்களை என்ன செய்வது? நம் வீட்டிலேயே பாதிப் பேர் யாளினி என்றுதான் கூப்பிடுகிறோம்.

அத்தை: என்னையா சொல்கிறாய் தம்பி?

சித்தப்பா: பொதுவாகச் சொன்னேன் அக்கா 🙏

டல்லாஸ் அண்ணன்: ழ வராதது குறையே இல்லை சித்தப்பா. முதல் நாள் டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை நான் முயற்சிகூடச் செய்யப் போவதில்லை" என்று சிரித்தாராம். வகுப்பும் சேர்ந்து சிரித்ததாம். அப்புறம்தான் லினி வந்தது.

பெரியப்பா: உன் ஆபீசில் எப்படி?

டல்லாஸ் அண்ணன்: பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர்தானே கடைசிப் பெயர். எல்லாருக்கும் நான் மிஸ்டர் சுந்தரம்.

பெரியப்பா: அப்போ விசா எடுக்காமலே தினமும் அமெரிக்காவில் வேலைக்குப் போகிறேன் 😄

கவி: கமலா ஹாரிஸுக்கே இது நடந்தது. 2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஒரு பிரசாரக் கூட்டம். டேவிட் பெர்டூ என்ற செனட்டர் அவர் பெயரை "கமலா மலா மலா" என்று இழுத்து, "தெரியவில்லை, என்னவோ" என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. மூன்று வருடத்துக்கு மேல் அதே செனட்டில் கூட இருந்தவர்!

சித்தப்பா: நாக்கு குழறியிருக்கும்.

கவி: அவர் தரப்பும் அப்படித்தான் சொன்னது. நாக்கு குழறினால் "என்னவோ" எதற்குச் சித்தப்பா? மறுநாளே எத்தனையோ பேர் தங்கள் பெயரையும் அதன் கதையையும் ட்விட்டரில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 2024இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலாவின் தங்கையின் பேத்திகள் மேடையேறி, அரங்கில் ஒரு பக்கத்தைக் "காமா" என்றும் மறுபக்கத்தை "லா" என்றும் சொல்ல வைத்தார்கள்.

அத்தை: காமாலாவா? அவர் தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரத்தில் கேட்டால் கமலா என்பார்கள்.

கவி: அவர் தன் பெயரை அப்படித்தான் சொல்கிறார் அத்தை. அவர் சொல்வதுதான் சரி.

சித்தப்பா: அப்படியானால் யாழினிக்கு லினிதான் பிடித்திருந்தால்?

டல்லாஸ் அண்ணன்: நேற்று அதையும் கேட்டேன். "லினின்னா யாரும் சிரிக்கிறதில்லப்பா" என்றாள்.

சித்தப்பா: அடப்பாவமே.

பெரியப்பா: டீச்சருக்கு எழுது. சண்டையாக வேண்டாம்.

டல்லாஸ் அண்ணன்: மெயில் போட்டுவிட்டேன். அவள் தன் பெயரைச் சொல்லும் குரல் பதிவையும் சேர்த்து அனுப்பினேன்.

அத்தை: அதை இங்கேயும் போடு.

டல்லாஸ் அண்ணன்: 🎤 0:03

அத்தை: 🎤 0:19

கவி: அத்தை, மூன்றாவது தடவை கிட்டத்தட்ட வந்துவிட்டது 👏

டல்லாஸ் அண்ணன்: டீச்சர் பதில் போட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை யாழினியை முன்னால் நிறுத்தி, வகுப்பு முழுவதற்கும் அவளையே சொல்லிக்கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

பெரியப்பா: அவளைக் கேட்காமல் நீ சரி என்று எழுதிவிடாதே.