தண்ணியிலயும் இறங்குற பிளேன் விலைக்கு (குடும்ப வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

தம்பி (மயாமி): இங்க ஒரு ஹேங்கர்ல இது விலைக்கு நிக்குது. கிரம்மன் மல்லார்டு, 1947ல செஞ்சது. ரன்வேயிலயும் இறங்கும், கடல்லயும் இறங்கும்.
[6 படங்கள்]

அத்தை (திருச்சி): உள்ள தோல் சீட்டு, மரப்பலகை, ஜன்னலுக்குத் திரை. இது பிளேனா, மண்டபத்து மாப்பிள்ளை ரூமா?

சித்தப்பா (கோவை): விலை என்னடா?

தம்பி (மயாமி): போடல சித்தப்பா. கேட்டாதான் சொல்வாங்களாம்.

சித்தப்பா (கோவை): அப்ப நமக்கு இல்ல. இருந்தாலும் கேட்டு வை. நாலு பேர் சேர்ந்தா முடியுமான்னு பாக்கலாம்

அத்தை (திருச்சி): அந்த நாலுல என்னைச் சேக்காதே

நான்: எத்தனை பேர் உக்காரலாம்?

தம்பி (மயாமி): பின்னாடி 10 பேர். முன்னாடி பைலட் ரெண்டு பேர் தனி. கடைசில டாய்லெட்டும் இருக்கு.

அத்தை (திருச்சி): அது முக்கியம்.

பெரியப்பா (பெங்களூர்): இப்பதான் பாத்தேன். அடேயப்பா, இன்னும் இப்படி ஒண்ணு நிக்குதா? மொத்தமே 59தான் செஞ்சான். 1946 ஏப்ரல்ல முதல்ல பறந்தது, 1951ல நிறுத்திட்டான்.

பெரியப்பா (பெங்களூர்): இதுக்கு மூத்தது அதே கிரம்மன் கம்பெனியோட கூஸ், 1937. லாங் ஐலண்ட்ல தண்ணிக்கரையில பங்களா வெச்சிருந்த கோடீஸ்வரனுங்க, வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பி நேரா மன்ஹாட்டன் ஆபீஸ் பக்கம் இறங்கணும்னு கேட்டுச் செய்யச் சொன்னது. அது வால்ல சக்கரம் வெச்ச பிளேன், தரையில நின்னா மூக்கைத் தூக்கிட்டு நிக்கும். மல்லார்டுக்கு மூக்கிலயே சக்கரம். ஏறி உள்ள நடக்கும்போது மேடு ஏறற மாதிரி இருக்காது.

சித்தப்பா (கோவை): அவ்வளவு நல்ல பிளேனா இருந்தா ஏன் 59ஓட நின்னுச்சு?

பெரியப்பா (பெங்களூர்): யுத்தம் முடிஞ்ச நேரம்டா. மிஞ்சின ராணுவ பிளேனையெல்லாம் அமெரிக்க சர்க்கார் அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டிருந்தான். புதுசா எவன் வாங்குவான்? வசதியானவங்கதான் வாங்கினாங்க. எகிப்து ராஜா ஃபாரூக்கிட்ட ஒண்ணு இருந்தது.

அத்தை (திருச்சி): பாருடா, ராஜா வாங்கினதை நம்ம தம்பி நாலு பேரைச் சேத்து வாங்கப் போறான்

பெரியப்பா (பெங்களூர்): இன்ஜின் பழசேதானா, மாத்தியிருக்கானா?

தம்பி (மயாமி): பழசுதான் பெரியப்பா. ரேடியல், சிலிண்டரெல்லாம் வட்டமா அடுக்கினது. கீழ ஆயிலுக்குத் தட்டு வெச்சிருக்காங்க, சொட்டிட்டே இருக்கு.

பெரியப்பா (பெங்களூர்): ரேடியல்னா சொட்டும். சொட்டலைன்னாதான் உள்ள ஆயில் இருக்கான்னு பாக்கணும் 😄 பிராட் அண்ட் விட்னி வாஸ்ப், ஒண்ணொண்ணும் 600 குதிரைசக்தி. ரெண்டும் சேர்ந்து மணிக்கு 200 லிட்டருக்கு மேல குடிக்கும். பங்க்ல போடற பெட்ரோல் இல்ல, அவ்கேஸ்னு பிளேனுக்குன்னே இருக்கற பெட்ரோல்.

சித்தப்பா (கோவை): மணிக்கு 200 லிட்டரா!! சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நம்ம ஊர் ஏரியில இறக்க முடியுமா?

பெரியப்பா (பெங்களூர்): யுத்த காலத்துல நம்ம செங்குன்றம் ஏரியிலயே பிரிட்டிஷ் விமானப்படை காட்டலினாங்கற தண்ணியில இறங்குற பிளேனை வெச்சு ஓட்டினான். வங்காள விரிகுடாவுல ரோந்து போக. அவன் யார்கிட்டயும் அனுமதி கேக்கல. நீ விமானப் போக்குவரத்து டிஜிசிஏலேர்ந்து பொதுப்பணித் துறை வரைக்கும் ஃபைல் தூக்கணும். அதுவும் குடிநீர் ஏரி.

நான்: தண்ணியில இறக்கறது கஷ்டமா பெரியப்பா?

பெரியப்பா (பெங்களூர்): சக்கரத்தை உள்ள இழுக்க மறந்தா போச்சு. சக்கரம் தண்ணியில மாட்டி, பிளேன் தலைகுப்புற விழும். அதான் பைலட் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்வான்: "இது தண்ணி, சக்கரம் மேல இருக்கு." அலையே இல்லாம தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்தா இன்னும் மோசம். எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு கண்ணுக்குத் தெரியாது.

பெரியப்பா (பெங்களூர்): தம்பி, நீ அனுப்பின 6 படத்துல 5 உள்பக்கம். எனக்கு வேண்டியது அடிவயிறு. அது நிஜமாவே படகுதான். தரையில நிக்கும்போது உள்ள தேங்கின தண்ணி வடியட்டும்னு அடைப்பானைக் கழட்டி வெச்சிருப்பான். திரும்ப தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாட்டியாச்சான்னு ஒருத்தன் குனிஞ்சு எண்ணிப் பாக்கணும். கடல்ல இறங்கிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில இண்டு இடுக்கு விடாம கழுவணும். உப்பு அலுமினியத்தை அரிச்சுடும். ரிவெட்டைச் சுத்தி வெள்ளையா மாவு பூத்திருந்தா விடாதே.

தம்பி (மயாமி): பெயின்ட் புதுசு பெரியப்பா. பளபளன்னு இருக்கு.

பெரியப்பா (பெங்களூர்): அதான் பயம்.

பெரியப்பா (பெங்களூர்): நீ இருக்கற ஊர்லயே நடந்தது. 2005 டிசம்பர் 19. சாக்ஸ்னு 1917லேர்ந்து ஓடின கம்பெனி, மயாமியிலேர்ந்து பிமினி தீவுக்கு. இதே மல்லார்டு ரகம், இதே 1947ல செஞ்சது, டர்பைன் இன்ஜின் மாத்தினது. கிளம்பின கொஞ்ச நேரத்துல வலது இறக்கை கழண்டு விழுந்துது. 20 பேர், ஒருத்தர்கூடப் பொழைக்கல.

அத்தை (திருச்சி): ஐயோ

பெரியப்பா (பெங்களூர்): உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப பாரம் ஏறி இறங்கி உலோகம் விரிசல் விடறது. இறக்கைக்குள்ளதான் எரிபொருள் டேங்க். அங்க கசிவு வந்துட்டே இருந்திருக்கு. கசிவை அடைக்க சீலன்ட் பூசினாங்க. ஏன் கசியுதுன்னு உள்ள திறந்து பாத்திருந்தா விரிசல் தெரிஞ்சிருக்கும். விசாரணை அறிக்கையில பராமரிப்பைத்தான் குத்தம் சொன்னான்.

நான்: அப்ப இந்த பிளேனே ஆபத்தா?

பெரியப்பா (பெங்களூர்): அப்படி இல்ல. ஆஸ்திரேலியாவுல பாஸ்பேலின்னு முத்துக் கம்பெனி, முத்துப் பண்ணைக்கு ஆள் ஏத்திட்டுப் போக மல்லார்டைத்தான் பல வருஷமா ஓட்டினான். காசைக் கொட்டிக் கவனிச்சா பறக்கும். சும்மா நிறுத்தி வெச்சு அழகு பாக்கறவன்கிட்டதான் கெடும்.

சித்தப்பா (கோவை): நான் அழகு பாக்கற கேஸ்தான் அண்ணா. விடுங்க.

பெரியப்பா (பெங்களூர்): தம்பி, அவன்கிட்ட மூணே கேள்வி. 2005க்கு அப்புறம் இறக்கையைத் திறந்து பாத்தாங்களா, எந்த வருஷம்? வயித்துத் தகடு எது எது மாத்தினது? கடைசியா எப்ப பறந்தது? பதிலைக் காகிதத்தோட கேளு. நாம வாங்கப் போறதில்ல, எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

தம்பி (மயாமி): சரி பெரியப்பா.

திங்கள்

தம்பி (மயாமி): பதில் வந்துடுச்சு. கடைசியா பறந்ததைப் பத்தி ஒண்ணும் எழுதல. இறக்கை பேப்பரைத் தேடி எடுக்கணுமாம். கூட இதை அனுப்பியிருக்காங்க.
[8 படங்கள்]

அத்தை (திருச்சி): எல்லாம் சோஃபா!

சித்தப்பா (கோவை): ஒரு படத்துல பூங்கொத்து வேற வெச்சிருக்கான்

பெரியப்பா (பெங்களூர்): பேப்பர் கிடைச்சா அனுப்பச் சொல்லு. அதுவரைக்கும் அவன்கிட்ட விலை கேக்காதே.