உதவி: ஹோஸ்டிங் பேக்கப் கோப்பினுள் எங்கள் கட்டுரைகள் எங்கே போயின?

எழுத்தாணி 13 (செவ்வாய், இரவு 9.42)

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் இயங்கும் எங்கள் சிறிய பதிப்பகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். கட்டணம் கட்டத் தவறியதால் ஹோஸ்டிங் கணக்கும் மூடப்பட்டுவிட்டது. தரவு எதுவும் தம்மிடம் இல்லை என்று அந்த நிறுவனத்தினர் எழுதிவிட்டார்கள். தம்பி போகும்போது தந்த பேக்கப் கோப்பு ஒன்றுதான் மிச்சம். அதைத் திறந்தால் படங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் வெளியிட்ட கட்டுரைகளில் ஒன்றுகூட இல்லை. தொகுப்பு நூல் ஒன்றுக்காக அவற்றில் சிலவற்றை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இப்படியான கோப்பில் கட்டுரைகள் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அலை (செவ்வாய், இரவு 9.58)

கோப்பின் அளவு என்ன, எந்த மென்பொருளால் திறந்தீர்கள், தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இயங்கியதா வேறு எதிலாவதா என்ற மூன்றையும் நீங்கள் சொல்லவில்லை. எனினும் என் அனுமானத்தை எழுதிவிடுகிறேன்: பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான் நடந்தது. மின்சாரம் போய் வந்ததில் கோப்பின் வாற்பகுதி வராமலே போய்விட்டது.

மூலவேர் (செவ்வாய், இரவு 10.20)

இந்தக் கேள்வி ஆண்டுக்கு நான்கு முறையாவது இங்கே வருகிறது. கேட்பவர் எவரும் பழைய இழைகளைப் புரட்டுவதில்லை. சரி, இன்னொரு முறை எழுதுகிறேன்.

ஹோஸ்டிங் கணக்கை நிருவகிக்கும் பலகமான சீபேனல் எடுக்கும் முழுப் பேக்கப் என்பது ஒரு டார் கட்டு, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு. அது ஜீசிப் என்ற சுருக்கும் முறையால் சுருக்கப்பட்டிருக்கும். கட்டைப் பிரித்தால் ‘ஹோம்டிர்’ என்ற கோப்புறை வரும். உங்கள் கணக்கின் வீடு அதுதான்: இணையத்தளக் கோப்புகள் உள்ள ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’, மின்னஞ்சல்கள் உள்ள ‘மெயில்’, அஞ்சல் பெட்டிகளின் கடவுச்சொல் விவரம் உள்ள ‘இடிசி’, சான்றிதழ்கள் உள்ள ‘எஸ்எஸ்எல்’ எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு வெளியே ‘மைஎஸ்கியூஎல்’ என்றொரு கோப்புறை இருக்கும். அதில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஓர் எஸ்கியூஎல் கோப்பு, அதாவது அத்தரவுத்தளத்தின் பிரதி. தரவுத்தளப் பயனர்களும் அவர்களுக்குரிய அனுமதிகளும் அக்கோப்புறைக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும். இவை தவிர டொமைன் முகவரிப் பதிவுகளுக்கான ‘டிஎன்எஸ்சோன்ஸ்’, நேர ஒழுங்குப் பணிகளுக்கான ‘கிரான்’, மின்னஞ்சலைத் திருப்பிவிடும் விதிகளுக்கான ‘விஏ’, கணக்கின் சொந்தக் கடவுச்சொல்லின் ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் பெற முடியாத குறி) உள்ள ‘ஷேடோ’ என்று சிறு உருப்படிகள் பல உண்டு.

வேர்ட்பிரஸில் கட்டுரை கோப்பாக இருப்பதில்லை. தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக இருக்கிறது. பட ஆல்பத்துக்குள் கட்டுரையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நிலாமதி (செவ்வாய், இரவு 10.41)

மூலவேர் ஐயா சொன்ன அமைப்பு சரியானதே. தொனியைப் பொருட்படுத்த வேண்டாம். எழுத்தாணி, கோப்பின் முழுப் பெயரை, நடுவில் உள்ள இலக்கங்களையும் சேர்த்து, அப்படியே எழுதுங்கள். ‘மைஎஸ்கியூஎல்’ கோப்புறை இருக்கிறதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். மற்றதை அதன் பிறகு பார்க்கலாம்.

கணியன் (புதன், காலை 7.15)

கட்டுரைகள் இருந்தும் உங்களுக்கு அவை கட்டுரைகளாகத் தெரியாமல் இருக்கலாம். தமிழ் யுனிகோட் எழுத்துகளைப் பழைய லத்தீன் குறிமுறையில் திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும் வரிசை வரிசையாக வரும். பழைய தளங்களை மாற்றியவர்களுக்கு அந்த உருவம் கனவிலும் வரும். பக்கம் முழுவதும் அப்படி ஏதாவது கண்டீர்களா?

எழுத்தாணி 13 (புதன், பகல் 12.50)

மன்னிக்கவும், நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். தளம் வேர்ட்பிரஸ்தான். விண்டோஸ் கணினியில் செவன்-சிப்பால் திறந்தேன். கோப்பு 4.6 ஜிபி. ஆனால் செவன்-சிப் உள்ளே இருப்பது 1.2 ஜிபி என்று காட்டுகிறது; அதுவும் குழப்பமாக இருக்கிறது. ‘மைஎஸ்கியூஎல்’ என்ற கோப்புறை இல்லை. ‘ஹோம்டிர்’ என்பதும் இல்லை. திறந்தவுடனேயே ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’, ‘மெயில்’, ‘இடிசி’ ஆகியவை தெரிகின்றன. கோப்பின் பெயர் ‘பேக்கப்’ என்று தொடங்கி, எல்கே என்று முடியும் எங்கள் தள முகவரி வந்து, 11-8-2023 என்று முடிகிறது. அதாவது ஓகஸ்ட் 11 ஆம் திகதி எடுத்தது.

வெள்ளவத்தை அலை (புதன், பகல் 1.05)

நான் சொன்னது சரியாகப் போயிற்று. 4.6 ஜிபி கோப்பை விரித்தால் 1.2 ஜிபியா வரும்? கோப்பு உடைந்திருக்கிறது. அதை எங்காவது பதிவேற்றி இணைப்பை இங்கே போடுங்கள். நான் இறக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

மூலவேர் (புதன், பகல் 1.22)

ஜீசிப் தன் வாலில், விரித்த அளவை நான்கே பைட்டில் எழுதிவைக்கிறது. 4 ஜிபியைத் தாண்டினால் அந்தக் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஆகவே உண்மையான அளவு ஏறத்தாழ 5.2 ஜிபி. படங்கள் ஏற்கனவே சுருங்கியவை, மேலும் பெரிதாகச் சுருங்குவதில்லை. கோப்பு உடைந்ததா என்று அறிய அளவைப் பார்த்துப் பயனில்லை. செவன்-சிப்பில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், அறுந்த கோப்பென்றால் அதுவே பிழை சொல்லும்.

நிலாமதி (புதன், பகல் 1.40)

பெயரிலேயே விடை இருக்கிறது. முழுப் பேக்கப்பின் பெயரில் புள்ளியிட்ட திகதியும், எடுத்த நேரமும், இறுதியில் கணக்கின் பயனர் பெயரும் வரும். டொமைன் பெயரும் கோடிட்ட திகதியும் மட்டும் வந்தால் அது ‘ஹோம் டிரெக்டரி’ மட்டும் எடுத்த பகுதிப் பேக்கப். சீபேனலில் அதற்கு ஒரு பொத்தான், தரவுத்தளத்துக்கு வேறொரு பொத்தான். தம்பி முதலாவதை அழுத்திவிட்டு இரண்டாவதை மறந்திருக்கிறார், அல்லது அந்தச் சிறிய எஸ்கியூஎல் கோப்பு வேறெங்கோ தனியாகக் கிடக்கிறது. அவருடைய மற்றக் கோப்புகளில் ‘எஸ்கியூஎல்.ஜீஇசட்’ என்று முடிவது எதுவும் உண்டா என்று இன்றே கேளுங்கள்.

இன்னொன்று: சீபேனல் மாதத்தை முன்னால் எழுதும். 11-8 என்பது ஓகஸ்ட் 11 அல்ல, நவம்பர் 8. மூன்று மாதக் கட்டுரைகள் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

அத்துடன், கோப்பை எவருக்கும் இணைப்பாகக் கொடுக்க வேண்டாம். அலை நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், ஆனால் அந்தக் கோப்பில் உங்கள் பதிப்பகத்தின் முழு அஞ்சல் பெட்டியும் இருக்கிறது.

வெள்ளவத்தை அலை (புதன், பகல் 1.52)

உதவ முன்வந்தவனைத் திருடனாக்க வேண்டாம். கடவுச்சொற்கள் எல்லாம் மறையாக்கப்பட்டுத்தான் இருக்கும், எவராலும் வாசிக்க முடியாது.

மூலவேர் (புதன், பகல் 2.10)

மறையாக்கம் வேறு, ஹாஷ் வேறு. மறையாக்கியதைத் திறவுகோலால் திறக்கலாம். ஹாஷைத் திறக்க முடியாது, ஊகித்து ஊகித்து ஒப்பிடத்தான் முடியும். ‘இடிசி’ கோப்புறையில் டொமைன் பெயருள்ள உட்கோப்புறைக்குள் ‘ஷேடோ’வைத் திறந்தால், டாலர் குறி, 6, மீண்டும் டாலர் குறி என்று தொடங்கும் வரி இருக்கக்கூடும். அது எஸ்எச்ஏ-512 முறை. கடவுச்சொல் வலுவாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

நிலாமதி (புதன், பகல் 2.31)

கடவுச்சொல் வலுவாக இருந்தால் என்பதுதான் சிக்கல். இங்கே எத்தனை அலுவலகங்களில் கடையின் பெயரோடு 123 சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அது ஒருபுறம் இருக்க, வேர்ட்பிரஸின் அமைப்பு விவரங்கள் உள்ள ‘டபிள்யூபி-கான்ஃபிக்’ கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் எந்த ஹாஷும் இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கிறது. ‘எஸ்எஸ்எல்’ கோப்புறையில் சான்றிதழின் தனித் திறவுகோல் இருக்கிறது. எழுத்தாளர்கள் முகவரியும் வங்கிக் கணக்கிலக்கமும் எழுதி அனுப்பிய கடிதங்கள் ‘மெயில்’ கோப்புறையில் திறந்த புத்தகமாகக் கிடக்கின்றன; அவற்றுக்கு மறையாக்கமே கிடையாது. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. சட்டம் இல்லாவிட்டாலும் பிறருடைய கடிதங்களைப் பொதுவில் போடுவது முறையல்ல.

வெள்ளவத்தை அலை (புதன், பகல் 2.44)

அப்படியென்றால் யூனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்குக் கணினியோடு தூக்கிக்கொண்டு போவது மட்டும் பாதுகாப்பா? அங்கே வன்தட்டு முழுவதையும் பிரதி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இதற்கு எவரும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

தெமட்டகொடைத் தபால் (புதன், மாலை 4.05)

நீங்கள் சட்டம் பேசிக்கொண்டிருங்கள். நான் ‘மெயில்’ கோப்புறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்தாணியின் கட்டுரைகளில் ஒரு பகுதி அங்கேதான் இருக்க வேண்டும். எழுத்தாளர்கள் கட்டுரையை மின்னஞ்சலில்தானே அனுப்பியிருப்பார்கள்?

டொமைன் பெயர், அதற்குள் அஞ்சல் பெட்டியின் பெயர், அதற்குள் ‘கர்’, ‘நியூ’, ‘டெம்ப்’ என்ற மூன்று கோப்புறைகள். வாசித்த கடிதங்கள் ‘கர்’ரில் இருக்கும், அனுப்பியவை புள்ளியுடன் தொடங்கும் ‘.சென்ட்’ கோப்புறையில். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயர் நீண்ட இலக்கத்துடன் தொடங்கி, முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி என்று வந்து, வாசித்ததற்கு ‘எஸ்’, மறுமொழி அனுப்பியதற்கு ‘ஆர்’ என்று முடியும். சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை அனுமதிக்காது. பிரிக்கும் மென்பொருள் அதை அடிக்கோடாக மாற்றிவிடும், அல்லது அந்தக் கடிதத்தையே கைவிட்டுவிடும். ஆகவே லினக்ஸ் உள்ள கணினி ஒன்றில் பிரிப்பதே நல்லது. விண்டோஸிலேயே லினக்ஸ் துணை அமைப்பை நிறுவி அதன் சொந்த வட்டுப் பகுதியில் பிரித்தாலும் போதும்.

கடிதத்தை நோட்பேடில் திறந்தால் தமிழ் தெரியாது. பொருள் வரியில் பேஸ்64 குறிமுறையில் எழுத்துகள் இருக்கும். தமிழ் எழுத்துடன் தொடங்கும் பொருள் எதுவானாலும் அக்குறிமுறையில் முதல் மூன்று குறிகள் 4, கே, 6 என்றே வரும், ஏனென்றால் தமிழின் உயிரும் மெய்யும் யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறிமுறையில் ஒரே இரண்டு பைட்டுகளுடன் தொடங்குகின்றன. அந்த மூன்று குறிகளைப் பொருள் வரிகளில் தேடினால் தமிழ்க் கடிதங்கள் பிடிபடும். பிறகு கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.இஎம்எல்’ சேர்த்துத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் திறந்தால் இணைப்போடு முழுக் கடிதமும் வரும்.

கணியன் (புதன், மாலை 4.30)

4, கே, 6! இருபது ஆண்டாக அந்தக் குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நிலாமதி (புதன், இரவு 8.16)

எழுத்தாணி, தபால் சொன்னதைத் தொடங்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ உள்ளே ‘டபிள்யூபி-கன்டென்ட்’, அதற்குள் ‘அப்டிராஃப்ட்’ என்ற கோப்புறை இருக்கிறதா? தம்பி அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளக்இன்னைப் போட்டிருந்தால், அது எடுத்த தரவுத்தளப் பேக்கப் அங்கேதான் விழுந்திருக்கும், பெயர் ‘டிபி.ஜீஇசட்’ என்று முடியும். இல்லையென்றால் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே, அதன் பக்கத்தில் ‘சாஃப்டாகுலஸ்_பேக்கப்ஸ்’ என்ற கோப்புறையைத் தேடுங்கள். பகுதிப் பேக்கப் தரவுத்தளத்தை எடுக்காது, ஆனால் வீட்டுக்குள் வேறு யாராவது எடுத்துவைத்த தரவுத்தளப் பிரதியை ஒரு சாதாரணக் கோப்பாக அள்ளிக்கொண்டு வந்திருக்கும். எனக்கு இருமுறை இப்படிக் கிடைத்திருக்கிறது.

கிடைத்தால் நோட்பேடில் திறக்க முயல வேண்டாம், கணினி உறைந்துவிடும். உங்கள் கணினியிலேயே எக்சாம்ப் என்ற சேர்வர் மென்பொருள் தொகுப்பை நிறுவி, வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, கட்டளை வரியிலிருந்து உள்ளிடுங்கள். உலாவியில் தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் பெரிய கோப்பை ஏற்காது. ‘போஸ்ட்ஸ்’ என்று முடியும் அட்டவணையில் நிலை ‘பப்ளிஷ்’ என்று உள்ள வரிசைகளை மட்டும் எடுங்கள். ‘ரிவிஷன்’ வகை வரிசைகள் ஒரே கட்டுரையின் பழைய வடிவங்கள். அவற்றை அச்சகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மூலவேர் (புதன், இரவு 8.40)

முழுப் பேக்கப் இருந்திருந்தாலும் அவரால் தானாக மீட்டிருக்க முடியாது. அதை சேர்வர் நிருவாகிதான் டபிள்யூஎச்எம் என்ற சேர்வர் நிருவாகப் பலகத்தின் வழியாக மீட்க வேண்டும். எல்கே டொமைன் பதிவும் எந்தப் பேக்கப்பிலும் இராது. அதைத் தனியே புதுப்பிக்க வேண்டும். இதையும் யாராவது அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் தொனி சரியில்லை என்பீர்கள்.

வெள்ளவத்தை அலை (புதன், இரவு 9.03)

சோதனைப் பொத்தானை அழுத்தினாரா என்று இன்னும் சொல்லவில்லை. கோப்பு உடைந்திருக்கிறது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

எழுத்தாணி 13 (வியாழன், இரவு 11.37)

‘அப்டிராஃப்ட்’ கோப்புறையில் டிபி.ஜீஇசட் இருந்தது. செப்டெம்பர் 2023 வரையான கட்டுரைகள் வந்துவிட்டன. தொகுப்புக்குத் தேவையான பதினான்கில் பன்னிரண்டு அதில் கிடைத்தன, ஒன்று மெயில் கோப்புறையில் கிடைத்தது. நிலாமதி அக்காவுக்கும் தபால் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. மூலவேர் ஐயாவுக்கும். விடிந்ததும் அச்சகத்துக்குப் போக வேண்டும், பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தெமட்டகொடைத் தபால் (வெள்ளி, காலை 6.20)

மகிழ்ச்சி. பதினான்காவது கட்டுரையை எந்த அஞ்சல் பெட்டியில் தேடினீர்கள்? ஆசிரியர் முகவரிக்கு வராமல், பெயர் பிழையாக எழுதப்பட்டு வந்த கடிதங்கள் கணக்கின் இயல்புப் பெட்டியில் விழுந்திருக்கலாம். அதன் ‘கர்’ கோப்புறை டொமைன் பெயருக்குள் இராது, ‘மெயில்’லுக்கு நேர் கீழே இருக்கும். அதைப் பார்த்தீர்களா?

தெமட்டகொடைத் தபால் (திங்கள், காலை 9.11)

எழுத்தாணி, பார்த்தீர்களா?