16க்கு 8ம் 8ம் போட்ட கதை: ககுரோ பழகியவர்களின் அனுபவங்கள்

திருப்பூர், பனியன் கம்பெனிக் கணக்கர்:

ககுரோ என்கிற எண் புதிரைப் போனில் ஆடிப் பார்த்த முதல் நாள், கூட்டுத்தொகை 16 என்று போட்டிருந்த இரண்டு கட்டத்தில் 8, 8 என்று நிரப்பினேன். இரண்டும் சிவப்பாகிவிட்டன. எட்டும் எட்டும் பதினாறு இல்லாமல் பின்னே என்ன? போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

நான் கட்டிங் பிரிவில் கணக்கு எழுதுகிறவன். ஒரு ஆர்டருக்கு எந்தக் கலரில் எந்த சைஸ் எத்தனை என்று கட்டம் போடுவோம். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் கடைசி மூலையில் ஒரே எண் வந்தாக வேண்டும். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. அதனால் கம்பெனித் தம்பி ஒருவன் இந்த ஆட்டத்தைக் காட்டியபோது, இதெல்லாம் நமக்கு எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான் கட்டம், எழுத்துக்குப் பதில் 1 முதல் 9 வரை எண்கள். கறுப்புக் கட்டத்தில் ஒரு சாய்கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே இருக்கும் எண், வலது பக்கம் போகிற வெள்ளைக் கட்டங்களின் கூட்டுத்தொகை. கீழே இருப்பது, கீழ்நோக்கி இறங்குகிற கட்டங்களுக்கு. ஒரே கூட்டலுக்குள் ஒரு எண் இரண்டு முறை வரக் கூடாது. கடைசியில் சொன்ன இதை நான் படிக்கவே இல்லை. ஆட்டமே அதில்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

8ம் 8ம் கூடாது என்றால் 16க்கு 7ம் 9ம் தவிர வழியே இல்லை. 17க்கு 8ம் 9ம். 3க்கு 1ம் 2ம். 4க்கு 1ம் 3ம். அப்புறம் 16ம் 17ம் வெட்டிக்கொள்கிற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு 9 போடலாம். 3ம் 4ம் வெட்டினால் 1. மூன்று கட்டமென்றால் 6, 7, 23, 24, நான்கு கட்டமென்றால் 10, 11, 29, 30 இவற்றுக்கும் ஒரே ஒரு சேர்க்கைதான். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டது. அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது, வேறு விஷயம்.

நடுவாந்தர எண்கள்தான் வம்பு. மூன்று கட்டத்தில் 15 என்றால் எட்டு விதமாக வரும். ஒரு சனிக்கிழமை பொழுதோட வெள்ளக்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்து, பிழை காட்டும் வசதியை வீம்புக்கு நிறுத்திவிட்டு, ஒரு பெரிய புதிரை ஆரம்பித்தேன். காங்கயம் வரைக்கும் ஜோராகப் போனது. இறங்குகிற நேரத்தில் இரண்டே கட்டம் பாக்கி. கூட்டுத்தொகை 8. மேலிருந்து பார்த்தால் இந்தக் கட்டமும் 4 கேட்கிறது, அடுத்த கட்டமும் 4 கேட்கிறது. ஒரு மணி நேர வேலை பாழ். தப்பு அந்த மூலையில் நடக்கவில்லை. காங்கயம் வருவதற்கு முன்பே ஒரு 15க்கு, "சரி, இருக்கட்டும்" என்று 4, 5, 6 போட்டேனே, அங்கே நடந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "என்ன கண்ணு, மூஞ்சி இப்படித் தொங்கிக் கெடக்குது?" என்றார். சொன்னேன். ககுரோ என்கிற பெயர் அவர் காதில் காக்கா என்று விழுந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இது காக்காக் கணக்குதான். தாயக்கரத்தில் இன்றுவரை யாரிடமும் தோற்காத கை அது. போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தெரியாத கட்டத்துல எதுக்குக் கண்ணு எழுதுன? காலியா வுட்டா அது சோறா கேக்கப் போவுது?"

அன்றிலிருந்து எனக்கு ஆட்டம் மாறிவிட்டது. வேறு வழியே இல்லை என்று தெரிந்தால்தான் எண் போடுகிறேன். மற்றதெல்லாம் ஓரத்தில் சின்னக் குறிப்பாக நிற்கும். இப்போது நடுத்தரப் புதிர்களை அழிக்காமல் முடிக்கிறேன். "கடினம்" என்று போட்டிருப்பதில் இன்னும் பாதிக்கு மேல் நகர முடியவில்லை. யாராவது வழி சொல்லுங்க.

சென்னிமலை, தறிக்கார வீட்டுப் பேத்தி:

அண்ணா, நீங்க கம்பெனியில் செய்கிற மூலைக் கூட்டலை இங்கே மறந்துவிட்டீங்களே! கடினப் புதிருக்கு அதுதான் சாவி. எங்க அப்பாரு கைத்தறி போட்டவர், அதனால் நான் நெடுக்கே போவதைப் பாவு, குறுக்கே போவதை ஊடை என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம். ஊடை இரண்டும் 10, 11. முதல் பாவு 4, அது அந்த மூலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது பாவு 22, அது மட்டும் ஒரு கட்டம் கீழே நீண்டு மூன்று கட்டமாக இருக்கிறது. ஊடைகளைக் கூட்டினால் 21. பாவுகளைக் கூட்டினால் 26. நான்கு கட்டம் இரண்டு கணக்கிலும் பொதுதானே? அப்படியென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த ஒற்றைக் கட்டம் 5. உள்ளே ஒரு எண்கூடப் போடாமல் வெளியே இருப்பது தெரிந்துவிட்டது! மீதி தானாக வரும்: 22இல் 5 போனால் 17, அதாவது 8ம் 9ம். 4க்கு 1ம் 3ம். 10க்கு 1ம் 9ம், 11க்கு 3ம் 8ம். வேறெப்படி மாற்றிப் போட்டாலும் உட்காராது. காகிதத்தில் போட்டுப் பாருங்க.

இது பிடிபட எனக்கு நான்கு மாதம் ஆனது. கற்றுக்கொடுக்கும் பக்கங்களில் எல்லாம் இதை இரண்டே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கோபி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்:

தம்பிக்கு ஒரு சுருக்கு வழி. அந்தச் சீட்டில் பாதி எழுதியிருந்தாலே போதும். ஒவ்வொரு எண்ணையும் பத்திலிருந்து கழித்துப் பாருங்கள்: 1, 2 என்பது 9, 8 ஆகும். ஆகவே இரண்டு கட்டத்தில் 3க்கு ஜோடி 17, 4க்கு ஜோடி 16. மூன்று கட்டத்தில் 6க்கு 24, 7க்கு 23. எட்டுக் கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. கூட்டுத்தொகை 38 என்றால் இல்லாத எண் 7, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் ஜப்பானில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் டெல் என்ற பதிப்பகத்தின் புதிர் இதழ்களில் "கிராஸ் சம்ஸ்" என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் அதைக் "கசான் குரோசு" என்றார்கள். கசான் என்றால் கூட்டல். குரோசு, கிராஸ் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு. அது சுருங்கித்தான் ககுரோ. 1992 வாக்கில் சுடோகு முந்தும்வரை அங்கே இதுதான் ராஜா. 2005இல் பிரிட்டன் நாளிதழ்கள் போட ஆரம்பித்த பிறகு உலகம் சுற்றியது.

என் குறை ஒன்றுதான். போனில் ஓடுகிற அந்தக் கடிகாரம். பரீட்சை மேற்பார்வைக்கு நின்ற நாள்களெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. மணியை அணைத்துவிட்டு ஆடுகிறேன்.

பொள்ளாச்சி, ஒரு அம்மா:

நான் புள்ளைக்குக் கூட்டல் வரட்டும் என்று ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பு. சின்னக் கட்டப் புதிர்களை அவள் என்னைவிட வேகமாக முடிக்கிறாள், அது வேறு. போன வாரம் தென்னந்தோப்பு ஆள்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நோட்டில் அவளே ஒரு புதிர் வரைந்து கொண்டுவந்தாள். இரண்டு கட்டம், கூட்டுத்தொகை 18. அரை மணி நேரம் கழித்து, "18 வராதே சாமி, 17க்கு மேல போகாதே" என்றேன்.

"அதை நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னுதாங்ம்மா பார்த்தேன்" என்கிறாள்.