கெக்கோவின் விரலில் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்ன செய்யலாம்?

நுவரெலியா பக்கம் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டு வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ (பல்லிதான், அம்மா இன்னும் அது நகரும் திசைக்குப் பலன் பார்க்கிறார்) மூன்று நாளைக்கு முன் தோலுரித்தது. வழக்கமாக உரித்த தோலைத் தானே தின்றுவிடும், ஒரு துண்டும் மிஞ்சாது. இந்த முறை முன்காலில் இரண்டு விரல்களிலும் வால் நுனியிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, ஒரு விரல் கொஞ்சம் வீங்கியும் இருக்கிறது. அப்படியே விட்டால் தோல் காய்ந்து, நூல் கட்டியதுபோல இறுக்கி, இரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடலாம், அதுதான் பயம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனைகிற அளவு 15 நிமிடம் விட்டு, ஈரமான காதுக்குச்சியால் மெதுவாக உருட்டினேன். வாலில் வந்துவிட்டது, விரலில் வரவில்லை. பிய்த்து இழுக்க மனமில்லை.

வெளியே துணிகூடக் காயாத மூட்டம், ஆனால் குளிருக்கு இரவெல்லாம் பல்ப் எரிவதால் பெட்டிக்குள் காற்று காய்ந்துபோகிறது என்று நினைக்கிறேன். ஈரத்தில் தோல் இளகட்டும் என்று ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப்பாசி வைத்தேன், டப்பா சில்லென்று ஆகிவிடுவதால் கெக்கோ உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

மலையகத்தில் வளர்ப்பவர்கள் அந்த டப்பாவை எப்படிச் சூடாக வைக்கிறீர்கள்? ஹீட் பேட் (சூடு தரும் விரிப்பு) இருக்கும் பக்கம் வைத்தால் சரியா? நாளைக்கும் வராவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் பஸ்ஸில், இந்தக் குளிரில், எதில் வைத்துக் கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள்.